மருதாயி அக்காவின் கனடாப் போன்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார். நல்ல வார்த்தைக்கு நான் பேர் போனவள் இல்லை. பதுளை பஸாரில் பதினெட்டு வருஷம் போன் விற்றிருக்கிறேன். அதில் பாதி வருஷம் வாடிக்கையாளரோடு சண்டை, மீதி வருஷம் முதலாளியோடு சண்டை. தேத்தண்ணியும் ரோல்ஸும் உண்டு என்று சொன்னபடியால் வந்திருக்கிறேன். ரோல்ஸ் தட்டை இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள், சொல்கிறேன்.

தொழில்நுட்பம் பற்றிப் பேசப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. இப்போது வருகிற போனை எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் அது பாட்டுக்கு வேலை செய்கிறது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் வரைக்கும் அப்படி இல்லை. நம் நாட்டிலும் அரபு நாடுகளிலும் லண்டனிலும் ஒரு வகை அலை. அமெரிக்கா, கனடாப் பக்கம் வேறு வகை அலை. நம் பஸாரில் விற்ற போன்கள் முதல் வகையை மட்டும்தான் பிடிக்கும். இரண்டையும் பிடிக்கிற போனை ட்ரை பேண்ட் என்போம். பதுளைக்கு அது வருவதே அபூர்வம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதைவிட மோசமும் உண்டு. ஹாலி-எலப் பக்கம் ஒருவர் கொரியாவில் வேலை செய்துவிட்டு வரும்போது பளபளவென்று ஒரு போன் கொண்டுவந்தார். சிம் எங்கே போடுவது என்று கேட்டார். நாங்களும் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியைக் கழற்றி, கழற்றக்கூடாததையும் கழற்றிப் பார்த்தோம். சிம் போடுகிற இடமே அதில் இல்லை. அந்த நாட்டுப் போன் அப்படி. ஊரெல்லாம் காட்டிவிட்ட பிறகு மனிதர் என்ன செய்வார்? பஸ்ஸில் ஏறினால் அதைக் காதில் வைத்துச் சத்தமாகப் பேசிக்கொண்டே வருவார். யாரோடு பேசுகிறீர்கள் என்று ஒருநாள் பக்கத்து சீட்டிலிருந்த மனைவி கேட்டதற்கு, கொரியாவோடு என்றாராம். கடைசிவரைக்கும் அந்தப் போன் அவருக்குக் காலையில் எழுப்புகிற மணியாக இருந்தது.

அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். எனக்கு அப்போது தலைக்கனம். கவுண்டரில் இரண்டு பழக்கம் வைத்திருந்தேன், இரண்டும் எனக்குப் பெருமை. முதலாவது, யார் வந்து வெளிநாடு என்று வாயைத் திறந்தாலும், "எந்த நாட்டுக்குப் போனாலும் வேல செய்யும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். நம் பக்கத்தில் வெளிநாடு என்றால் குவைத், சவூதி, ஜோர்தான். நான் விற்ற போன் அங்கெல்லாம் வேலை செய்தது. ஆகவே நான் சொன்னது பொய் இல்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தேன். இரண்டாவது, விற்கிற ஒவ்வொரு போனிலும் இரண்டாம் பொத்தானில் எங்கள் கடை நம்பரைப் போட்டுவிடுவேன். அழுத்திப் பிடித்தால் நேரே கடைக்கு மணி அடிக்கும். வெளிநாட்டிலிருந்தும் அடிக்கிற மாதிரி, முன்னால் நம் நாட்டு எண்ணையும் சேர்த்தே போடுவேன். கடையில் வேறு யாரும் இதைச் செய்யவில்லை என்று முதலாளியிடம் மாதத்துக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுவேன்.

இப்படி நான் உச்சியில் இருந்த ஒரு ஆவணி மாதத்தில்தான் மருதாயி அக்கா கடைக்கு வந்தார்.

கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். ஒரே மகள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்து, கல்யாணம் முடித்து வெளிநாடு போய்விட்டாள். இப்போது தலைப்பிரசவம், இந்த மாதம் நாள் கணக்கு. பக்கத்தில் சொந்தமென்று ஒரு பெண்பிள்ளை இல்லை. ஆகவே அம்மா போகிறார், தனியாக. அதற்கு முன், விசாவுக்குக் கொழும்பு போனதை விட்டால், அவர் போன ஆகத் தூரமான ஊர் பதுளை, அதுவும் ஆஸ்பத்திரிக்கு. ஆங்கிலம் தெரியாது. இடையில் ஒரு நாட்டில் பிளேன் மாற வேண்டும். போய் இறங்கியதும் போடச் சொல்லி மருமகன் அந்த நாட்டு சிம் ஒன்றைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியிருந்தார். அதைப் போட ஒரு போன் வேண்டும்.

"எறங்குனதும் பேசணும் தங்கச்சி. பேச முடியாட்டி நான் தொலஞ்சேன். எம்புள்ள தனியா பெத்துக்கும்" என்றார்.

சொல்லும்போது சிரித்தார், ஆனால் கையிலிருந்த கடிதத்தை விடவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. எந்த நாடு? கேட்டேனா? இல்லை. வழக்கமான மந்திரத்தைச் சொன்னேன், கடையில் கடைசியாக இருந்த நல்ல மாடல் போனை எடுத்துக் கொடுத்தேன், பெட்டியில் போட்டு ரிப்பனும் கட்டினேன். அழைக்க வேண்டிய நம்பர் என்று அவர் கொடுத்த துண்டுக் காகிதத்தைக்கூடப் பார்க்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மூன்று நாளில் பயணம், அதற்குள் மறுபடி வருவேன், அப்போது நம்பரைப் போட்டுப் பழக்கிவிடு என்றார். சரி என்றேன். போகும்போது, கம்பளிச் சட்டை எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டார். எதிர்க் கடையைக் காட்டினேன்.

கம்பளிச் சட்டை! அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். குவைத்துக்கு யாராவது கம்பளிச் சட்டை கொண்டு போவார்களா?

மறுநாள் காலை, அரசாங்கக் கச்சேரியில் ஃபைல் பார்க்கிற பிரதம லிகிதர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், பதுளையில் வேலைக்கு வந்து இருபது வருஷம். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, எல்லாருக்கும் அவர் 'சேர்'. வாரத்துக்கு ஒருமுறை முறைப்பாட்டோடு வருவார். அன்றைய முறைப்பாடு, அவருடைய போனில் பாம்பு விளையாட்டு இல்லை என்பது. கந்தோரில் அவருக்குக் கீழே வேலை செய்கிற பெடியனின் போனில் பாம்பு இருக்கிறதாம், இவருடையதில் இல்லையாம், இது எந்த ஊர் நியாயமாம்.

அது கடை போன் இல்லையே சேர் என்றேன். இல்லை, கனடாவிலிருந்து அண்ணர் கொண்டுவந்து தந்தது என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முதல்தடவை அண்ணர் நம் ஊர்ப் போனை அங்கே கொண்டுபோய் ஒரு சத்தமும் வராமல் திண்டாடினாராம். பிறகு இந்த ட்ரை பேண்டை வாங்கி, எந்த சிம்மும் போடுகிற மாதிரித் திறந்தும் கொண்டுவந்தாராம். "உங்கட கடைப் போனெல்லாம் அங்க வெறுங்கட்டை, பிள்ளை. பனிக்குள்ள எறியத்தான் சரி" என்றார்.

பனி என்ற சொல் காதில் விழுந்ததும் கம்பளிச் சட்டை கண்ணுக்குள் வந்து நின்றது. கைப்பையைக் கவிழ்த்து அந்தத் துண்டுக் காகிதத்தைத் தேடி எடுத்து, சேரிடம் நீட்டி, இது எந்த நாட்டு நம்பர் என்று கேட்டேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனடா, ஐமிச்சமே இல்லை என்றார். இருபது மணித்தியாலம் பறந்துபோய், பாஷை தெரியாத ஊரில் இறங்கி, அந்த அம்மா என் போனைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டே நிற்பார். அது கட்டைபோல் கிடக்கும். ரிப்பன் வேறு கட்டிக் கொடுத்தேன், பாவி.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பொருளை விற்றாயிற்று, பில் போட்டாயிற்று என்று இருந்துவிடலாம். முதலாளி அதைத்தான் சொன்னார். கொழும்புக்குச் சொல்லி வேறு போன் எடுப்பிக்கலாம். அது வந்துசேர நாலு நாள், பயணத்துக்கு இருப்பதோ இரண்டு நாள். பதுளை முழுக்கத் தேடினால் கிடைக்கக்கூடிய ஒரே ட்ரை பேண்ட் என் கண்ணுக்கு முன்னால் சேரின் சட்டைப்பையில் இருந்தது.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, உங்கள் போனைக் கொடுங்கள், மாற்றி வேறு போன் தருகிறேன் என்றேன்.

"உங்கட பிழைக்கு நான் ஏன் பிள்ளை என்ர போனைக் குடுக்க வேணும்?"

நியாயமான கேள்வி. நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேறுபக்கம் பார்த்துக்கொண்டு, அந்த மனிசிக்கு வித்த போனில பாம்பு இருக்கோ என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறது என்றேன். வேகம் கூட்டிக் குறைக்கலாமோ? ஒன்பது வேகம் சேர் என்றேன். மனிதர் தன் சிம்மைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். போனை என் கையில் வைத்தார். பாம்பு இல்லாமல் இந்தக் கடை வாசலுக்கு வராதே என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் போன் இல்லாமல் இருக்க ஒப்புக்கொண்டு கச்சேரிக்குப் போய்விட்டார். ஆளைப் பற்றி நான் அதுவரை நினைத்ததெல்லாம் பிழை.

அந்தப் போனில் இருந்த நம்பரெல்லாம் அழித்து, வழக்கப்படி இரண்டாம் பொத்தானில் கடை நம்பரைப் போட்டேன். கை தானாகச் செய்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் பண்டாரவளை, அங்கிருந்து கொஸ்லந்த பஸ், இறங்கித் தேயிலைக்குள்ளே ஒரு மணித்தியாலம் ஏற்றம். அட்டைக்குக் காலைக் கொடுத்துக்கொண்டு வரிசை வீடுகள் உள்ள லயத்துக்குப் போய்ச் சேர்ந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லாரும் கோயிலில்.

மருதாயி அக்காவின் புருஷன் சின்னையா அண்ணன்தான் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. பயணத்துக்கு முந்தின பூசை நடக்கிறது. அம்மனுக்கு முன்னால் ஒரு தாம்பாளம். அதில் பாஸ்போர்ட், டிக்கட், நான் விற்ற போன், ஒரு வெற்றிலையின் மேல் கனடா சிம். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பாஸ்போர்ட்டின் அட்டையில் பொட்டு, போனின் நெற்றியில் பொட்டு. சிம்மில் எங்கே தெரியுமா? தங்கநிறத் தகட்டில். சதக்கென்று, நல்ல தடிப்பாக, சந்தனமும் அதன்மேல் குங்குமமும்.

"அண்ணே, அதுல எதுக்கு வச்சீங்க?" என்றேன்.

"பொட்டுன்னா மொகத்துலதானம்மா வைக்கணும். பின்ன முதுகுலயா வைப்பாங்க?"

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. மின்னுகிற பக்கம்தானே முகம். ஆனால் போன் சிம்மோடு பேசுவது அந்தத் தகடு வழியாகத்தான். அதில் சந்தனம் காய்ந்து கிடந்தால் கனடா அலை என்ன, கைலாயத்து அலை வந்தாலும் பிடிக்காது. பொட்டைத் துடைக்க வேண்டும் என்றேன். பயணம் போகிற வீட்டில், அம்மனுக்கு முன்னால் வைத்த பொட்டை அழிக்கச் சொல்கிறாளே என்று ஒரு கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தார். சின்னையா அண்ணன் தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதோடு, நான் விற்ற போன் பிழையான போன், வேறு போன் கொண்டு வந்திருக்கிறேன் என்று வேறு சொல்ல வேண்டி இருந்தது. அதையும் சொன்னேன். பூசை செய்த போனைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பூசை செய்யாத போனில் தன் பெண்சாதியைக் கடல்தாண்டி அனுப்பச் சொல்கிறாயா என்று கேட்டார். மறுபடி பூசை செய்யலாமே என்றேன். அதற்கு இன்னொரு தேங்காய் வேண்டும் என்றார். என்னைத் திட்டித் துரத்தியிருந்தாலும் தாங்கியிருப்பேன். தேங்காய்க்கு நான் எங்கே போவேன்?

அப்போது மருதாயி அக்கா எழுந்து வந்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ கொண்டாந்த போனு அங்க பேசும்னு ஒனக்கு நிச்சயமா தெரியுமா தங்கச்சி?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பதினெட்டு வருஷத்தில் எனக்குக் கஷ்டமான கேள்வி அதுதான். கனடாவில் பிடிக்குமா என்பதைக் கொஸ்லந்தவில் வைத்துச் சோதிக்க முடியாது. அதற்கு முதல்நாள் வரைக்கும் என்றால் நூற்றுக்கு நூறு என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு என் வாயில் அது வரவில்லை. நான் பார்த்ததில்லை அக்கா, ஆனால் இது அங்கே வாங்கின போன், அங்கே பேசியிருக்கிறது, இங்கேயும் பேசியதை என் கண்ணால் பார்த்தேன், முதல் கொடுத்தது நிச்சயமாகப் பேசாது என்றேன். மருதாயி அக்கா தாம்பாளத்திலிருந்து சிம்மை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு புருஷனைப் பார்த்து, "பொட்ட பின்பக்கம் மாத்தி வைங்க. அம்மன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் அழிறப்பர் வாங்கி, தகட்டை நானே தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். முதுகுப்பக்கம் கடுகளவு பொட்டு வைக்கப்பட்டது. தேங்காய் யாரோ கொண்டுவந்தார்கள், என் பெயருக்கே உடைத்தார்கள்.

பிறகு பழக்க வேண்டும். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் லயத்துக்கு மேலே உள்ள பெரிய கல். ஞாயிற்றுக்கிழமை மகள் பேசுவதென்றால், ஸ்டோர் கிளார்க்கின் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு மருதாயி அக்கா அந்தக் கல்லின்மேல் ஏறி நிற்பார். லைன் விழுந்தால் மறுபடி கிடைக்க அரை நாள் போகும். ஆகவே அங்கே யாரும் தாமாகப் போனை வைப்பதே இல்லை. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், மழை வந்தாலும் நிற்பார்கள். இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டுச் சிரித்தேன். இறங்கினதும் சிம்மைப் போட்டு, இரண்டை அழுத்திப் பிடியுங்கள், மருமகன் பேசுவார் என்று, சிக்னல் இல்லாத லயத்து வாசலிலேயே பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தேன். பத்துத் தடவையும் சரியாகச் செய்தார். பூசை செய்த பழைய போனை எடுத்துக்கொண்டு, கை நிறையப் பொங்கலோடு இறங்கினேன். சேருக்கு அதைக் கொடுத்தபோது பொட்டைப் பார்த்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், உடனே பாம்பைத் திறந்தார்.

நாலாம் நாள் பின்னேரம் ஐந்து மணி இருக்கும். அங்கே அப்போது காலை ஏழு. சேர் கடையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார். அவருடைய பாம்பு திரையில் முக்கால்வாசிக்கு வளர்ந்திருந்தது. வாழ்நாளில் எடுக்காத புள்ளி, மூச்சுக்கூட விடாமல் இருந்தார். கடைப் போன் அடித்தது. நீளமான நம்பர். எடுத்து, கடைப் பெயரைச் சொன்னேன்.

"தங்கச்சியா?" கல்லின்மேல் நின்று பேசுகிற அதே சத்தம். "நீயும் இங்க வந்துட்டியா?"

மருதாயி அக்கா! போன் கனடாவில் பேசுகிறது! சந்தோஷத்தில் கவுண்டரைத் தட்டினேன். இல்லை அக்கா, நான் பதுளையில்தான் இருக்கிறேன் என்றேன்.

அந்தப் பக்கம் பெட்டிகள் உருளுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் எங்க இருக்கேன்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கைப்பையைத் திறந்தேன். அந்தத் துண்டுக் காகிதம் அதற்குள்ளேயே பத்திரமாக இருந்தது. பொட்டு, தேங்காய், பொங்கல் என்று அலைந்ததில் மருமகன் நம்பரை நான் போடவே இல்லை. இரண்டை அழுத்தச் சொல்லிப் பத்துத் தடவை பழக்கியவளும் நான்தான், இரண்டில் கடை நம்பரை வைத்தவளும் நான்தான். என் பெருமைக்குரிய பழக்கம்!

நீங்கள் கனடாவில்தான் இருக்கிறீர்கள் அக்கா, பயப்படாதீர்கள் என்றேன். அப்படியென்றால் மாப்பிள்ளையை ஏன் காணோம் என்றார். பிளேனிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டுவந்து விட்ட விமான நிலையத்துப் பெண் போய்விட்டாளாம். மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்று கேட்டதற்கு, கல்யாணத்தில் பார்த்தபடி பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக இருப்பார் என்றார். அப்படி ஒருவரும் அங்கே இல்லையாம். நான் நிதானமாக, போனை வையுங்கள், நான் மாப்பிள்ளைக்குச் சொல்கிறேன், அவர் உங்களை அழைப்பார் என்றேன்.

"வைக்க மாட்டேன்" என்றார். "வச்சா போயிரும்."

போகாது அக்கா, அது கல் இல்லை, அங்கே எல்லா இடத்திலும் சிக்னல் இருக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். மனுஷி கேட்கவில்லை. இடையில், போனுக்குள்ளே என்னமோ குருவி கத்துகிறது என்று வேறு சொன்னார். மருமகன்தான் அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்! லைனை விட்டால்தானே அவர் பேசலாம்? மருதாயி அக்கா விடுவதாக இல்லை. "எம்புள்ளைக்கு நேரம் வந்துட்டா என்னா செய்றது தங்கச்சி" என்றார். அழுதுவிடுவார் போல் இருந்தது, நானும்தான்.

கடையில் வெளிநாட்டுக்குப் பேசக்கூடிய போன் என் காதில் இருந்த அது ஒன்றுதான். சேரைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் போன் வேண்டும் சேர் என்றேன்.

"இப்பவோ?" என்றார். "பாம்பு சாகப் போகுது பிள்ளை."

சொன்னாரே தவிர, நான் மறுபடி கேட்கவில்லை. தானாகவே பொத்தானை அழுத்திப் பாம்பைக் கொன்றார். துண்டுக் காகிதத்தைப் பிடுங்கி, தானே நம்பரை அழுத்தி என் மற்றக் காதில் வைத்தார். மருமகன் எடுத்தார். அவரும் பதற்றத்தில் இருந்தார். மகளும் வந்திருக்கிறாள், எவ்வளவு சொல்லியும் வீட்டில் இருக்கவில்லை, மாமியின் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், காணவில்லை என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாதே தம்பி என்றேன். ஒரு காதில் மாமியார், மறு காதில் மருமகன், நடுவில் பதுளையில் நான். அக்காவிடம் என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கம்பளிச் சட்டை, அதன்மேல் சால்வை, தலையில் கண் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாய் என்றார். தம்பி, அங்கே இப்போது பனியா என்று மருமகனைக் கேட்டேன். கடுங்கோடை, எல்லாரும் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறார்கள் என்றார். அப்படியானால் அந்த இடத்தில் குரங்குக் குல்லாய் போட்டவர் யாரோ அவர்தான் உங்கள் மாமி என்றேன்.

அவர் ஓடுகிறார், இவரோ நகர்கிறார். நில்லுங்கள் என்றால் நடக்கிறார், நடங்கள் என்றால் நிற்கிறார். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் வேறு இடத்தில் இருந்தார். என்னால் முடியவில்லை. இரண்டு போனிலும் சத்தத்தை முழுக்கக் கூட்டி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, ஒன்றின் காதை மற்றதன் வாயோடு ஒட்டிப் பிடித்தேன். கனடாவில் பேசாது என்று நான் திருப்பி எடுத்த போன், நெற்றியில் பொட்டோடு, கடைப் போனுடன் ஒட்டிக்கொண்டது. பிடி நழுவாமல் இருக்க சேரும் தன் இரண்டு கையையும் என் கைமேல் வைத்து அழுத்தினார். ஒரே விமான நிலையத்தில் நூறு அடி தூரத்தில் நின்ற மாமியாரும் மருமகனும், பதுளை பஸாரில் எங்கள் நாலு கைக்குள்ளே பேசிக்கொண்டார்கள்.

சன்னமாகக் கேட்டது. மாமி, எங்க நிக்கிறீங்க? கண்ணாடிக் கதவுகிட்ட. எந்தக் கதவு? தானா தொறக்குதே, அந்தக் கதவு. எல்லாமே தானா தொறக்குது மாமி! அப்புறம் ஒரு பெண்ணின் குரல் தூரத்திலிருந்து, அம்மா என்று. அப்புறம் என்னமோ சத்தம், மூச்சு, செருப்புச் சத்தம்.

"என்னாடி இப்புடி எளச்சிப் போயிட்ட?" என்றார் மருதாயி அக்கா.

ஒன்பது மாத வயிற்றோடு நின்ற பிள்ளையைப் பார்த்து! சேர் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். நானும் முந்தானையைத் தேடினேன், ஆனால் கையை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் தாயும் மகளும் அழுவதும் பேசுவதும் எங்கள் கைக்குள்ளேயே கேட்டது. குல்லாயைக் கழற்றச் சொன்னாள் மகள். சளி பிடிக்கும் என்றார் தாய்.

சரி, ரோல்ஸ் தீர்ந்துவிட்டது. போனைப் பற்றி என்னிடம் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். விலையைச் சொல்வதற்கு முன்னால் எந்த நாடு என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இரண்டாம் பொத்தானில் யார் இருக்கிறார்கள் என்று, ஆள் கடையை விட்டு இறங்குவதற்குள் ஒருதடவை அழுத்திப் பாருங்கள். நான் அன்றைக்குப் பிறகு அழுத்திப் பார்க்காமல் ஒரு போனும் கொடுத்ததில்லை.

கதையில் ஒரு சொட்டு மிச்சம் இருக்கிறது. அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகும் லைன் விழவில்லை. மருமகன் தன்னுடையதை வைத்துவிட்டார். கடைப் போனைத் தனியே எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சு கேட்டது.

"தங்கச்சி, இருக்கியா?"

"இருக்கேங்கக்கா."

"எம்புள்ள கைய புடிச்சிருக்கேன்" என்றார். "இப்ப வைக்கலாமா?"

வைங்கக்கா என்றேன். வைத்தார்.